வாளைக் காட்டிக் கணக்குப் புத்தகத்தை மறைத்த படங்கள்

கேள்வி இதுதான்: “மோண்டே கிறிஸ்டோ பிரபு, வுதரிங் ஹைட்ஸ் போன்ற பழிவாங்கும் நாவல்கள் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவற்றில் உள்ள காதலும் துரோகமும்தான். அப்படியிருக்க, அவற்றைப் படமாக்குகிறவர்கள் நிறம், வர்க்கம், பெண்ணுரிமை என்று இன்றைய அரசியலை ஏன் அவற்றில் திணிக்கிறார்கள்?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது இதற்கு நேர்மாறானது. இந்த இரண்டு நாவல்களும் எழுதப்பட்டபோதே அரசியலில் ஊறியவை. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகத் திரைப்படங்கள் அந்த அரசியலை உருவி எடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. எஞ்சியதைப் பார்த்து வளர்ந்ததால்தான், உருவியதில் ஒரு துளி திரும்பி வந்தாலும் யாரோ புதிதாகக் கொண்டுவந்து ஒட்டியதுபோல நமக்குத் தோன்றுகிறது.

மோண்டே கிறிஸ்டோவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அலெக்சாந்தர் டூமா இதை 1844 ஆகஸ்டு முதல் 1846 ஜனவரி வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடர்கதையாக வெளியிட்டார். ஒகுஸ்த் மாக்கே அவருக்குத் துணையாக உழைத்தார். மொத்தம் 117 அத்தியாயங்கள். கதை தொடங்குவது 1815 பிப்ரவரி 24 அன்று. அந்தத் தேதி சும்மா வைத்ததல்ல. பிரெஞ்சு அரியணையில் பதினெட்டாம் லூயி இருக்கிறார். பதவியிழந்த நெப்போலியன் நாடுகடத்தப்பட்டு எல்பா தீவில் இருக்கிறார். இரண்டே நாளில் அங்கிருந்து கப்பலேறிப் புறப்படப்போகிறார். அந்த நேரத்தில் மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கும் பத்தொன்பது வயது மாலுமி எட்மண்ட் தாந்தெஸிடம் எல்பாவில் கொடுத்தனுப்பிய ஒரு கடிதம் இருக்கிறது. கப்பலின் கணக்குப்பிள்ளை டாங்க்லாருக்கு அவன் கேப்டனாகப் போகிறான் என்ற எரிச்சல். மீனவன் பெர்னாண்டுக்கு மெர்செடிஸ் அவனை மணக்கப்போகிறாள் என்ற எரிச்சல். இருவரும் சேர்ந்து மொட்டைக் கடிதம் போடுகிறார்கள்.

இதுவரை எல்லாப் படங்களிலும் வந்துவிடும். ஆனால் மொட்டைக் கடிதத்தால் மட்டும் ஒருவனைப் பதினான்கு ஆண்டுகள் கடல் நடுவே கோட்டைச் சிறையில் அடைத்துவிட முடியாது. அதற்கு அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் வேண்டும். அவர் தாந்தெஸை விசாரிக்கிறார்; குற்றமற்றவன் என்று தெரிந்து விடுவிக்கவும் தயாராகிறார். அப்போது எல்பாக் கடிதத்தின் முகவரியைப் பார்க்கிறார். அது அவருடைய சொந்தத் தந்தை நுவார்த்தியே, நெப்போலியன் கட்சிக்காரர். மகனோ மன்னர் கட்சியில் பதவி தேடுகிறவர். கடிதத்தை நெருப்பில் போடுகிறார். பையனை விசாரணை இல்லாமல் ஷாத்தோ தீஃப் என்ற அந்தக் கடல் கோட்டைச் சிறைக்கு அனுப்புகிறார். ஆட்சி எந்தப் பக்கம் சாயும் என்று ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் ஓர் அதிகாரி போட்ட கணக்குக்குத்தான் தாந்தெஸ் பலியாகிறான்.

நாவலின் உயிர் இதற்குப் பிறகு வருகிறது. தாந்தெஸ் சிறையில் கிடக்கும் ஆண்டுகளில் அந்த மூவரும் என்ன ஆனார்கள் என்பதை டூமா விலாவாரியாகச் சொல்கிறார். பெர்னாண்ட் பிறப்பால் பிரபு அல்ல. மார்சேய்க்கு வெளியே கடலோரத்தில் ஒதுங்கி வாழ்ந்த கத்தலான் குடியிருப்பில் பிறந்த ஏழை மீனவன். படையில் சேர்கிறான். நெப்போலியனின் கடைசிப் போர்களில் ஒன்றான லீஞி போருக்கு முந்தைய இரவில் தன் தளபதியோடு எதிரிப் பக்கம் தாவுகிறான். நெப்போலியன் வீழ்ந்ததும் அந்தத் தாவலுக்கே பரிசு கிடைக்கிறது. 1823-ல் பிரெஞ்சுப் படை ஸ்பெயினுக்குள் நுழைந்தபோது உதவுகிறான், அதற்கும் பதவி. பிறகு இன்றைய கிரீசில் உள்ள யானினாவை ஆண்ட அலி பாஷாவிடம் வேலைக்குப் போய், அவரையே துருக்கிய சுல்தானின் ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்து, அவர் மனைவியையும் மகளையும் அடிமைச் சந்தையில் விற்றுப் பணக்காரன் ஆகிறான். கதை பாரிசுக்கு வரும்போது அவன் மோர்செர்ஃப் பிரபு, மெர்செடிஸின் கணவன், பிரபுக்கள் சபை உறுப்பினர். டாங்க்லார் ஸ்பெயின் போரில் படைக்குச் சரக்கு வழங்கிக் காசு சேர்த்து, வங்கி முதலாளியாகிப் பட்டமும் நாடாளுமன்ற இருக்கையும் வாங்கிவிட்டான். வில்ஃபோர் தலைநகரின் அரசு வழக்கறிஞர். சிறையிலிருந்து தப்பிப் பெருஞ்செல்வனான தாந்தெஸ், மோண்டே கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் இவர்களைத் தேடி வருகிறான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பதினெட்டாம் லூயி போய்ப் பத்தாம் சார்லஸ் வருகிறார். 1830 புரட்சியில் அவரும் போய் லூயி பிலிப் வருகிறார். மூவரும் எல்லா ஆட்சியிலும் மேலே போய்க்கொண்டே இருக்கிறார்கள். லூயி பிலிப் காலத்தில் ஓட்டுரிமைக்கே ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியிருக்க வேண்டும். மூன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் 1846-ல் வாக்காளர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர்தான். டூமாவின் தொடர் வந்துகொண்டிருந்தது அந்த ஆட்சியின் நடுவில், அதுவும் அந்த ஆட்சியை ஆதரித்த பத்திரிகையில். வாசகர்கள் காலையில் நாளிதழின் மேல்பாதியில் எந்த வங்கிக்காரர்கள், எந்தத் தளபதிகளைப் பற்றிப் படித்தார்களோ, அதே மாதிரி ஆட்களின் பழைய கணக்கைக் கீழ்ப்பாதியில் கதையாகப் படித்தார்கள்.

இப்போது படங்களுக்கு வருவோம். கெவின் ரெனால்ட்ஸ் இயக்கிய 2002-ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் பெர்னாண்ட் ஒரு பிரபுவின் மகன். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை எட்மண்டின் நண்பன். எல்லாம் இருந்தும் நண்பனின் மகிழ்ச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன். 2024-ல் மத்தியூ தெலபோர்த்தும் அலெக்சாந்தர் தெ லா பத்தலியேரும் இயக்கிய பிரெஞ்சுப் படத்திலும் பெர்னாண்ட் தொடக்கத்திலேயே மோர்செர்ஃப் குடும்பத்துப் பிரபுதான். நாடு வேறு, காலம் வேறு, தயாரிப்பாளர்கள் வேறு. ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். மீனவன் போய்விட்டான், பிறவிப் பணக்காரன் வந்துவிட்டான்.

நாடக வசதிக்காக என்று சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. நண்பன் செய்யும் துரோகம் உடனே நெஞ்சில் தைக்கும். உடையைப் பார்த்தாலே யார் உயர்ந்தவன், யார் தாழ்ந்தவன் என்று தெரிந்துவிடும். ஆனால் இந்த ஒரு மாற்றத்தால் நாவல் கேட்ட கேள்வியே மறைந்துவிடுகிறது. ஒரே துறைமுகத்தில் ஒன்றாகத் திரிந்த ஏழைகளில் சிலர் எப்படி நாட்டை ஆளும் இடத்துக்குப் போனார்கள், எதை விற்றுப் போனார்கள், அவர்களை ஏற்றிவிட்டது யார் என்பது நாவலின் கேள்வி. கெட்ட பிரபுவை நல்ல ஏழை வெல்வானா என்பது படத்தின் கேள்வி. பிறவிப் பிரபுக்களின் அதிகாரம் முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவர்களைத் திட்டினால் அரங்கில் ஒருவருக்கும் வலிக்காது. போரில் சரக்கு விற்றுப் பணக்காரனான மக்கள் பிரதிநிதியும், மேலிடத்துக்குப் பிடிக்காத கோப்பை எரிக்கும் அரசு வழக்கறிஞரும் இன்றும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். யாருக்கும் வலிக்காத எதிரியைத்தான் படங்கள் தேர்ந்துகொண்டன.

2024 படம் பிரான்சில் வெளியானது ஜூன் 28. இரண்டு நாள் கழித்து அங்கே நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று வாக்குப்பதிவு. அந்த ஆண்டில் பிரான்சில் மட்டும் 90 லட்சத்துக்கும் அதிகமானோர் அதை அரங்கில் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த மீனவனும் கணக்குப்பிள்ளையும் எப்படி மேலேறினார்கள் என்ற கதை முழுமையாகத் திரையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது. எட்மண்டாக வரும் பியேர் நினேயின் நடிப்பும் படத்தின் பிரம்மாண்டமும் குறையில்லாதவை. குறை, எதிரியைத் தேர்ந்த இடத்தில் இருக்கிறது.

அடுத்தது ஆயுதம். சினிமா பார்த்தவர்களைக் கேட்டால், மோண்டே கிறிஸ்டோ என்றதும் வாள்சண்டையைச் சொல்வார்கள். 2002 படமும் 2024 படமும் எட்மண்டும் பெர்னாண்டும் வாளோடு மோதும் உச்சக்காட்சியை நோக்கித்தான் ஓடுகின்றன. நாவலில் அப்படி ஒரு சண்டையே இல்லை. பெர்னாண்டின் மகன் அல்பேருடன் ஒரு துப்பாக்கிச் சண்டை ஏற்பாடாகிறது. அதுவும் நடக்காமல் நின்றுவிடுகிறது. பெர்னாண்ட் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். மோண்டே கிறிஸ்டோ பிரபுவான தாந்தெஸ் தன் பகைவர்களை வீழ்த்துவது கடன் கணக்காலும், பங்குச் சந்தையாலும், பத்திரிகைச் செய்தியாலும், சபை விசாரணையாலும்.

ஒரு காட்சியை மட்டும் சற்று நின்று பார்ப்போம். அந்தக் காலத்தில் பிரான்ஸ் முழுவதும் கோபுரங்களின் மேல் பெரிய மரக்கைகள் அசைந்து செய்தி கடத்தும் தந்தி முறை இருந்தது. ஒரு கோபுரத்தில் இருப்பவர் முந்தைய கோபுரத்தின் கைகள் எப்படி நிற்கின்றன என்று பார்த்து, தன் கோபுரத்தின் கைகளையும் அதேபோல வைப்பார்; அடுத்த கோபுரத்தில் இருப்பவர் அதைப் பார்த்து வைப்பார். என்ன செய்தி போகிறது என்பது இடையில் உள்ள எவருக்கும் தெரியாது. மோன்லேரி கோபுரத்துக்குப் பிரபு போகிறார். அங்கே வேலை பார்க்கும் முதியவருக்கு ஆண்டுச் சம்பளம் ஆயிரம் பிராங்க். அவருடைய ஆசை முழுவதும் கோபுரத்தடியில் உள்ள சிறு தோட்டத்தில் இருக்கிறது. எலி போன்ற சிறு பிராணிகள் பழங்களைத் தின்றுவிடுகின்றன என்பதுதான் அவருடைய பெரிய கவலை. பிரபு இருபத்தையாயிரம் பிராங்கை அவர் கையில் வைக்கிறார். ஐயாயிரத்துக்கு வீடும் நிலமும் வாங்கலாம், மீதிப் பணத்தின் வட்டி ஆண்டுக்கு ஆயிரம் பிராங்க் வரும் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறார். முதியவர் நடுங்கிக்கொண்டே பொய்யான குறிகளைக் கடத்திவிடுகிறார்.

செய்தி உள்துறை அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்கிறது: ஸ்பெயின் அரியணைக்கு உரிமை கோரும் டான் கார்லோஸ் காவலிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குள் போய்விட்டார் என்று. அமைச்சகத்தில் செயலராக இருக்கும் தெப்ரே உடனே வண்டியேறி டாங்க்லார் வீட்டுக்கு ஓடுகிறார். டாங்க்லாரின் மனைவி அவருடைய காதலி. அரசாங்க ரகசியம் அந்த வீட்டு வரவேற்பறை வழியாகப் பங்குச் சந்தைக்குப் போவது நெடுநாள் வழக்கம். டாங்க்லார் தன்னிடமிருந்த ஸ்பானியக் கடன் பத்திரங்களை அடித்துப்பிடித்து நட்டத்தில் விற்கிறார். மறுநாள் பத்திரிகை, மூடுபனியால் தந்திக் குறி தவறாகப் படிக்கப்பட்டது என்று எழுதுகிறது. பத்திரங்களின் விலை ஏறிவிடுகிறது.

அமைச்சகம், கள்ள உறவு, உள்தகவல் வணிகம், ஆயிரம் பிராங்க் சம்பளக்காரரின் தோட்டம் எல்லாம் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் இருக்கின்றன. 1840-களில் எழுதியதை இன்று படித்தாலும் நேற்றைய செய்தித்தாள்போல இருக்கிறது. 2002 படத்தில் இது கிடையாது. கடன் பத்திரத்தைப் படம் பிடிப்பது கடினம், வாளைப் பிடிப்பது எளிது என்பார்கள். கோபுரத்தின் மரக்கைகள் அசைவதையும், அந்தக் கிழவரின் கை நடுங்குவதையும், மறுநாள் சந்தையில் எழும் கூச்சலையும்விடப் படமாக்கத் தகுந்தது வேறென்ன இருக்கிறது?

ஹைதே விஷயம் இன்னும் கனமானது. அலி பாஷாவின் மகளான அவளை, பதினொரு வயதில், ஒரு மரகதக் கல்லை விலையாகக் கொடுத்துப் பிரபு வாங்கியிருக்கிறார். அவள் நாவலின் 86-ஆம் அத்தியாயத்தில் பாரிசில் பிரபுக்கள் சபையின் முன் வந்து நிற்கிறாள். விசாரிக்கப்படுகிறவன் அந்தச் சபையின் உறுப்பினன்; சாட்சி சொல்பவள் அவனால் விற்கப்பட்ட அடிமை. தன் பிறப்புச் சான்றையும், தன்னை விற்ற பத்திரத்தையும் அவளே கொண்டுவந்து வைக்கிறாள். பெர்னாண்டின் வலக்கையில் ஒரு பெரிய தழும்பு இருக்கிறது, அந்தக் கையில்தான் அடிமை வியாபாரியின் பொற்காசுகள் ஒவ்வொன்றாக விழுந்தன என்று சபை நடுவில் சொல்கிறாள். அவன் பதறி அந்தக் கையை மறைத்துக்கொள்கிறான். பழியின் உச்சம் இதுதான். அதை நிகழ்த்துவது தாந்தெஸ் அல்ல, அந்தப் பெண்.

2002 படத்தில் ஹைதே என்ற பாத்திரமே இல்லை. அவள் இல்லாததால் யானினா இல்லை, அடிமைச் சந்தை இல்லை, சபை விசாரணையும் இல்லை. 2024 படம் அவளைத் திரும்பக் கொண்டுவந்தது, அது நல்லது. ஆனால் அவள் கதையின் எடை அல்பேருடன் வரும் காதல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறொன்று: நுவார்த்தியேயின் இடத்தில் வில்ஃபோரின் சகோதரி ஆஞ்செல் வருகிறாள். எல்பாக் கடிதத்தைச் சுமப்பவள் அவள்தான். நெப்போலியன் பக்கம் நின்று தன் உயிரைப் பணயம் வைப்பவளும் அவள்தான். பெண்களை வரவேற்பறையிலேயே நிறுத்திவைத்த கதையில், அரசியல் சதியின் மையத்துக்கு ஒரு பெண் வருகிறாள். இதைத் திணிப்பு என்கிறவர்கள் நாவலின் ஹைதேயை மறந்துவிட்டார்கள்.

டூமாவின் பிறப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அவருடைய தந்தை தளபதி தோமா அலெக்சாந்தர் டூமா 1762-ல் இன்றைய ஹெய்ட்டியான சேன் டொமாங்கில் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்கும் மரி செசெத் என்ற கறுப்பின அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். புரட்சிப் படையில் தளபதியாக உயர்ந்தார். எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனோடு முரண்பட்டுத் திரும்பும் வழியில் இத்தாலியின் தாராந்தோவில் சிறைப்பட்டு, 1801-ல் உடல் குலைந்து வெளியே வந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான். அதே ஆண்டு நெப்போலியன் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்தார். மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன் தந்தை இறந்துவிட்டார். குற்றமின்றிச் சிறையில் அழிந்த ஒருவனின் கதையை எழுத டூமா வெளியே எங்கும் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. மோண்டே கிறிஸ்டோவுக்கு ஓராண்டு முன்பு, 1843-ல், அவர் எழுதிய ஜார்ஜ் என்ற நாவலின் நாயகன் மொரீஷியசில் வாழும் கலப்பினத்தவன். வெள்ளையர் செய்த அவமானத்துக்குப் பழிவாங்கத் திரும்பி வந்து, அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குகிறான்.

இதே டூமாவின் பிரபு, அலி என்ற கறுப்பின ஊமை அடிமையை வைத்திருக்கிறார் என்பதும் உண்மை. துனிஸ் ஆட்சியாளர் அவனுக்கு நாக்கை அறுத்து, பிறகு கையை வெட்டி, பிறகு தலையை எடுக்கத் தண்டனை விதித்திருந்தார். தனக்கு ஊமை வேலைக்காரன் வேண்டும் என்பதற்காக நாக்கு அறுபடும்வரை காத்திருந்து மீட்டதாகப் பிரபுவே சாதாரணமாகச் சொல்கிறார். அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாலும் என்னால் ஏற்க முடிவதில்லை. பழிவாங்குகிறவன் எப்படிப்பட்டவனாக மாறிவிட்டான் என்று காட்டவே அது அங்கே இருக்கிறது என்று வாதாட முடியும். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ராபர்ட் டோனட் நடித்த 1934 ஹாலிவுட் படத்தில் அலியாக நடித்தவர் கிளாரன்ஸ் மியூஸ். சட்டம் படித்தவர், நல்ல பாடகர், அந்தக் காலத்தின் முக்கியமான கறுப்பின நடிகர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது பேச்சில்லாத வேலைக்காரன் வேடம். நாவலில் உள்ள கேட்டை நாவல் குறைந்தபட்சம் சொல்லிவிடுகிறது. படத்தில் அது ஓர் அலங்காரமாக நிற்கிறது. டூமாவையே பாத்திரமாக்கி 2010-ல் பிரான்சில் ஒரு படம் வந்தது. அதில் அவராக நடித்தவர் ஜெரார் தெபார்தியு, முகத்துக்குக் கருமை பூசி, சுருள்முடி விக் வைத்துக்கொண்டு. பிரான்சிலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. 2002-ல் டூமாவின் எச்சங்களைப் பாந்தியோன் நினைவிடத்துக்கு மரியாதையோடு கொண்டுபோன நாடு, எட்டே ஆண்டில் இதைச் செய்தது.

அல்பேர் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 படம் அவனை எட்மண்டின் சொந்த மகனாக்கிவிட்டது. முடிவில் தாய், தந்தை, மகன் மூவரும் ஒன்று சேர்கிறார்கள். இரத்தம்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. நாவலில் அவன் பெர்னாண்டின் மகனேதான். தந்தையின் குற்றம் தெரிந்ததும் பட்டத்தையும் சொத்தையும் உதறி, தாயின் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டு, இன்னொருவனுக்குப் பதிலாளாகப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவுக்குப் போகிறான். அதற்குக் கிடைத்த பணம் தாய்க்கு. பிறந்த குடும்பம் எதுவானாலும் ஒருவன் தன் முடிவால் வேறாக முடியும் என்று டூமா சொல்கிறார். அதே மூச்சில் அவன் பாவத்தைக் கழுவப்போகும் இடம், 1830 முதல் பிரான்ஸ் பிடித்துக்கொண்டிருந்த நாடு. டூமாவுக்கு அது உறுத்தவில்லை. இதைக் கேள்வி கேட்கும் ஒரு படம் வந்தால் அதை நான் வரவேற்பேன்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் இருக்கிறது. எஸ்.எஸ்.வாசன் 1958-ல் எடுத்த வஞ்சிக்கோட்டை வாலிபன் இந்த நாவலின் தாக்கத்தில் உருவானது. சிறைத் தீவு, தப்பித்தல், பெருஞ்செல்வனாக வேறு வேடத்தில் திரும்புதல் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே குற்றம், அரியணை தவறான கைக்குப் போனது. தீர்வு, உரியவருக்கு அது திரும்புவது. அதன் இந்திப் பதிப்புக்கு ராஜ் திலக், அதாவது முடிசூட்டு, என்றே பெயர். டூமாவின் கதையில் உரிய அரசர் என்று ஒருவர் கிடையாது. சமஸ்தானங்கள் இணைக்கப்பட்டுப் பத்தாண்டு ஆன நாட்டில் விசுவாசமான மந்திரி குடும்பத்தின் கதையாக அதை மாற்றியது வாசனின் சாமர்த்தியம். அரசியல் நீங்கிவிடவில்லை, வேறு அரசியல் உள்ளே வந்தது.

வுதரிங் ஹைட்ஸ் நாவலில் இந்த உருவல் இரண்டு இடங்களில் நடந்திருக்கிறது. எமிலி பிராண்டி 1847-ல் வெளியிட்ட இந்த நாவலில், ஏர்ன்ஷா என்ற யார்க்‌ஷயர் பண்ணைக்காரர் லிவர்பூல் தெருவில் கிடந்த ஓர் அநாதைச் சிறுவனைத் தூக்கிவருகிறார். அவனுக்கு ஹீத்கிளிஃப் என்று பெயர் வைக்கிறார்கள். கருநிறம், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஜிப்ஸி என்கிறார்கள், அடுத்த பண்ணையின் லின்டன், கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமிகளின் பிள்ளையாக இருக்கலாம் என்கிறார். வேலைக்காரி நெல்லி, உன் அப்பா சீனப் பேரரசராகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாமே என்று அவனைத் தேற்றுகிறாள். கதை நடக்கும் 1770-களில் லிவர்பூல் அடிமை வணிகத்தின் தலைமைத் துறைமுகங்களில் ஒன்று. ஹீத்கிளிஃப் எந்த இனம் என்று நாவல் முடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டார் கண்ணுக்கு அவன் வெள்ளையன் அல்ல என்பதில் ஐயமே இல்லை.

1939-ல் லாரன்ஸ் ஒலிவியர், 1970-ல் டிமதி டால்டன், 1992-ல் ரால்ஃப் ஃபைன்ஸ் என்று வெள்ளை நடிகர்களே அந்த வேடத்தில் வந்தார்கள். 2011-ல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் ஜேம்ஸ் ஹவ்சன் என்ற கறுப்பின நடிகரை நடிக்க வைத்தபோது அது துணிச்சல் என்று பேசப்பட்டது; எனக்கு அது நாவலைக் கவனமாகப் படித்ததன் விளைவு. எமரால்ட் ஃபெனலின் வுதரிங் ஹைட்ஸ் படத்தில் அதே வேடத்துக்கு வெள்ளை நடிகர் ஜேக்கப் எலோர்டி தேர்வானதாக 2024-ல் செய்தி வந்ததும் எழுந்த விவாதமும் இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது இடம் சொத்து. வில்லியம் வைலரின் 1939 படம், ஏர்ன்ஷாவின் மகளும் ஹீத்கிளிஃபின் காதலியுமான கேத்தி இறந்ததோடு கதையை முடித்துக்கொண்டது. நாவலில் அது ஏறக்குறைய பாதிவழி. பழி அதன் பிறகுதான் முழு வேகம் பிடிக்கிறது. ஹீத்கிளிஃப் சூதாட்டக் கடனில் மூழ்கிய ஏர்ன்ஷாவின் மகன் ஹிண்ட்லியின் நிலத்தை அடமானமாக எழுதி வாங்குகிறான். ஹிண்ட்லி இறந்ததும் அவர் மகன் ஹேர்ட்டனைச் சொந்த நிலத்திலேயே எழுத்தறிவில்லாத பண்ணையாளாக வளர்க்கிறான். ஹிண்ட்லி தனக்குச் செய்ததை அப்படியே திருப்பிச் செய்கிறான். பிறகு சாகக்கிடக்கும் தன் மகனுக்குக் கேத்தியின் மகளைக் கட்டாயக் கல்யாணம் செய்து, அவள் தந்தை வழிச் சொத்தையும் கைப்பற்றுகிறான். மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே சேரும் என்ற அன்றைய ஆங்கிலச் சட்டம்தான் அவன் கத்தி. அந்தச் சட்டம் 1870-லும் 1882-லும்தான் திருத்தப்பட்டது. எந்தச் சொத்து முறை அவனைத் தொழுவத்தில் படுக்கவைத்ததோ, அதே முறையைப் பிடித்துக்கொண்டு அவன் பண்ணை முதலாளியாகிறான். இதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது புயலில் அலையும் காதலன் ஒருவன்தான்.

எனக்கு வருத்தமான விஷயம், நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்த ஆர்னால்டின் படமும் இந்த இரண்டாம் பாதியைத் தொடவில்லை. 1992-ல் பீட்டர் கோஸ்மின்ஸ்கியின் படம் இரண்டாம் பாதியைச் சேர்த்துக்கொண்டது. அதில் நிறம் இல்லை. ஒரே படத்தில் இரண்டும் வர வேண்டும். கருநிறச் சிறுவனாக வந்து உதைபட்டவன், அடமானப் பத்திரத்தைக் கையில் பிடித்து நிற்கும்போதுதான் அந்தக் கதை என்ன சொல்கிறது என்பது முழுதாகத் தெரியும்.

ஆகவே, ஒரு நடிகரின் நிறத்தையோ ஒரு பெண் பாத்திரத்தையோ பார்த்தவுடன் திணிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கறுப்பின நடிகர் ஒருவரைப் போட்டுவிட்டு, கடன், சட்டம், பதவி எதையும் தொடாமல் விட்டுவிடும் படங்களும் உண்டு. அவை மேல்பூச்சு என்று நீங்கள் சொன்னால் நானும் உங்களோடு நிற்பேன். என் அளவுகோல் ஒன்றுதான்: கொடுமை செய்தவனுக்கு அதைச் செய்யும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று படம் காட்டுகிறதா?

2024 படத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டிய படம்தான். பார்த்துவிட்டு நாவலின் 60, 61, 86-ஆம் அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். முதல் இரண்டில் தந்திக் கோபுரம், மூன்றாவதில் பிரபுக்கள் சபை. வுதரிங் ஹைட்ஸுக்கு ஆர்னால்டின் படத்தை முதலில் பார்த்து, அது நிற்கும் இடத்திலிருந்து நாவலைத் தொடர்வது நல்ல வழி. நேரமிருந்தால் டூமாவின் ஜார்ஜ் நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோண்டே கிறிஸ்டோவில் அவர் அடக்கிச் சொன்ன பலவற்றை அதில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.